மலரின் பெயரில் ஒரு கணக்கு

ஸ்கீவ,
9 மார்ச் 2025

அன்புள்ள மலருக்கு,

நீர் போய் இன்றோடு பதினைந்து நாள். ஒன்பது முறை தொலைபேசி எடுத்தேன். நீர் தூக்கவில்லை. நவோமி ஒருமுறை தூக்கி, "Mor vil ikke snakke" என்றாள். அம்மா கதைக்க மாட்டாவாம். எங்கள் மகள் எனக்கு டெனிஷில் பதில் சொல்வது புதிதல்ல. ஆனால் அன்று அவள் குரலில் ஒரு பரிசோதகர் இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்பதில் எனக்கு ஐயம். ஆகவே இலக்கமிட்டு எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்தும்.

1. அந்தச் சனிக்கிழமை நவோமி வந்திருந்தபோது, ஒருவருடைய ஓய்வூதியக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டும் இணையத்தளத்தை உமக்குத் திறந்து காட்டினாள்.

2. உமது பக்கத்தில் வேலையிடத்துப் பென்சன் ஒன்று மட்டும் இருந்தது. அதுவும் சிறியது.

3. பிறகு என்னுடையதையும் திறக்கச் சொன்னீர். நான் கண்ணாடியைக் காணவில்லை என்றேன். கண்ணாடி என் நெற்றியில் இருந்தது.

4. என் பக்கத்தில் எட்டு இலட்சத்து அறுபதினாயிரம் குரோனர் இருந்தது. நீர் அதைப் பார்த்தீர். மாலை நான்கு மணி ரயிலில் நவோமியோடு போய்விட்டீர்.

முப்பத்து நான்கு ஆண்டு மணவாழ்க்கையில் நாம் காசுக்காகச் சண்டை பிடித்ததில்லை. என்னுடையது உமக்கும் உரியது என்றுதான் நான் எப்போதும் எண்ணியிருக்கிறேன். இப்படி எழுதும்போதே இது போதாத வசனம் என்று படுகிறது. ஆனாலும் விட்டுவைக்கிறேன்.

தயவுசெய்து வாரும்.

உமது,
ஜெபரட்ணம்


ஹ்விடோவ்ரே,
16 மார்ச் 2025

நவோமியின் அப்பாவுக்கு,

உங்கள் நான்கு குறிப்புகளும் சரி. ஐந்தாவதை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 5. கிருபாமலர் இனி விளங்காத தாளில் கையெழுத்து வைக்க மாட்டாள்.

தொலைபேசியில் நான் கதைக்க மாட்டேன். காரணம் கோபம் மட்டும் இல்லை. தொலைபேசியில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்பீர்கள். உங்கள் அம்மா இருந்த காலத்தில் அவவுக்கும் ஓம், தம்பிக்கும் ஓம், எனக்கும் ஓம். வைத்த பிறகு எந்த ஓம் உண்மையென்று யாருக்கும் தெரியாது. தாளில் எழுதினால் அது அங்கேயே கிடக்கும்.

இங்கே நவோமியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை எடுத்துவிட்டேன். கிழமைக்கு முப்பத்திரண்டு மணித்தியாலம். ஸ்கீவ வேலைக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. அறுபத்து மூன்று வயதுப் பொம்பிளையை யார் எடுப்பார்கள் என்று நினைத்தீர்களோ? இங்கே ஆட்கள் இல்லாமல் தவிக்கிறார்கள்.

எனக்குக் காசு அனுப்ப வேண்டாம். மன்னிப்பும் இப்போது வேண்டாம். நீங்கள் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவர். இந்தப் பென்சன் கணக்குகள் எப்படி வேலை செய்கின்றன என்று எனக்கு எழுதுங்கள். ஒவ்வொன்றாக. கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல. அதிலே என் பக்கம் ஏன் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

உங்களுடையது எனக்கும் உரியது என்று எழுதியிருக்கிறீர்கள். திரையில் என் பெயர் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன், என் கண்ணாடி என் கண்ணில்தான் இருந்தது.

கிருபாமலர்


ஸ்கீவ,
23 மார்ச் 2025

அன்புள்ள மலருக்கு,

நீர் கேட்டபடி எழுதுகிறேன். நான் படிப்பிப்பதை விட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இறைச்சித் தொழிற்சாலையில் யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. விளங்காவிட்டால் குற்றம் என்னுடையது.

இந்த நாட்டில் ஓய்வுகால வருமானம் மூன்று அடுக்கு.

முதலாவது அரசு தருவது, ஃபோல்கபென்சன். உம்முடைய வயதினருக்கு அறுபத்தேழில் தொடங்கும். நீர் பிறந்தது 1961 ஓகஸ்ட், ஆகவே 2028 ஓகஸ்ட். இந்த நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளை வைத்துத்தான் அது அளக்கப்படும். நாம் நடுவில் வந்தவர்கள், பிறந்ததிலிருந்து இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அளவு நமக்குக் கிடைக்காது.

இரண்டாவது வேலையிடம் மூலம் சேருவது. சம்பளத்தில் ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு. நவோமியைப் பார்க்கவும், பிறகு அவள் பள்ளிக்கூட நேரத்துக்காகவும் நீர் பல ஆண்டுகள் அரைநேர வேலையே செய்தீர். அதனால் உமது பங்கு சிறியது.

மூன்றாவது நாமே வங்கியில் திறப்பது. இதில்தான் குழப்பம். பெட்டிகள் பல. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வரியை எப்போது கட்டுவது?

ராதபென்சன் என்ற தவணைக் கணக்கில் போடும் காசுக்கு அந்த ஆண்டு வருமானவரி இல்லை. ஆனால் முதுமையில் அது மாதமாதமாக வரும்போது சம்பளத்தைப்போல வரி கட்ட வேண்டும். ஆகக் குறைந்தது பத்தாண்டுகளுக்குப் பிரித்துத்தான் தருவார்கள். வருகிற அந்தப் பணத்தை வருமானமாகக் கணக்கிட்டு, அரசு தரும் மேலதிகக் கொடுப்பனவையும் குறைப்பார்கள். என் கணக்கு இந்த வகை.

முதுமைச் சேமிப்பு என்று இன்னொன்று. அதிலே போடுவது வரி கட்டிய காசு. எடுக்கும்போது வரி இல்லை. மொத்தமாகவும் எடுக்கலாம். அரசின் கொடுப்பனவையும் அது தொடாது. ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற எல்லை உண்டு. சாதாரணமாக அந்த எல்லை சிறியது. ஓய்வு வயதுக்கு முந்திய கடைசி ஏழு ஆண்டுகளில் மட்டும் ஆண்டுக்கு அறுபதினாயிரத்துக்குச் சற்று மேல்வரை விடுவார்கள். நீர் இப்போது அந்த ஏழு ஆண்டுக்குள் நிற்கிறீர்.

பழைய காலத்தில் கப்பிற்றால்பென்சன் என்று ஒன்று இருந்தது. புதிதாக அதில் இப்போது போட முடியாது.

வளர்ச்சிக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறிய வரியை வங்கியே கழித்துக்கொள்ளும். அதற்கு நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

விளங்குகிறதா? எந்த இடத்தில் தெளிவில்லையோ எழுதும். திரும்ப எழுதுகிறேன்.

உமது,
ஜெபரட்ணம்


ஹ்விடோவ்ரே,
4 ஏப்ரல் 2025

நவோமியின் அப்பாவுக்கு,

நன்றாக விளங்கியது. பஸ்ஸில் இரண்டு தரம் வாசித்தேன். இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் என்னிடம் ஒரு வசனமும் சொல்லவில்லையே என்றுதான் இன்னும் கூடக் கோபம் வந்தது.

கப்பிற்றால்பென்சன் என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். வகுப்பில் இப்படித்தான் வராத பாடத்தைத் தாண்டுவீர்களோ?

எனக்கு அது இருந்தது. 1992இல் வேலை தொடங்கியபோது நீங்கள்தான் திறந்து தந்தீர்கள். மாதம் ஐந்நூறு குரோனர் போனது. 2001 மார்ச் மாதம், குசினி மேசையில் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அப்போது நீங்கள் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: "தம்பியை இஞ்சை கூட்டிவாற ஏஜென்சிக்காரனுக்குக் கடைசிக் காசு கட்டவேணும். உம்மடையிலையும் எடுப்பம், என்ரையிலையும் எடுப்பம்."

என்ரையிலையும் என்றீர்கள். அந்தத் திரையில் உங்கள் கணக்கு 1990 முதல் ஒரு நாளும் தொடப்படாமல் இருக்கிறது.

இனி எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். என்னுடையதிலிருந்து எவ்வளவு போனது? ஏன் என்னுடையதை?

இதற்கிடையில் இங்கே சபையில் புஷ்பராணி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா. ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், நாலு பேர் கேட்கக்கூடியதாக.

"என்ன மலர், இந்த வயசில பென்சனுக்காகப் புருசனை விட்டிட்டு வந்தனீராம்?"

"ஓமக்கா, பென்சனுக்காகத்தான்."

"ஐயோ பிள்ளை, ஆம்பிளையளின்ரை காசெண்டா என்ன, எங்கடையெண்டா என்ன, எல்லாம் ஒண்டுதானே."

"அப்ப உங்கடை அத்தானைக் கேட்டு அவரின்ரை கணக்கை உங்கடை பேரில மாத்துங்கோவன் அக்கா. ஒண்டுதானே."

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டா. அடுத்த கிழமை வந்து, அந்த இணையத்தளத்தின் பெயர் என்ன என்று மெதுவாகக் கேட்டா. எழுதிக் கொடுத்தேன்.

கிருபாமலர்


ஸ்கீவ,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மலருக்கு,

இன்று குருத்தோலை ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. காலையிலிருந்து இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கினேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

உமது முதல் கேள்விக்குப் பதில். கணக்கில் 68,000 குரோனர் இருந்தது. இப்படிப்பட்ட கணக்கை உரிய வயதுக்கு முன் உடைத்தால் அறுபது வீத வரி. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். 40,800 அரசுக்குப் போனது. 27,200 கைக்கு வந்தது. அது முழுவதும் தம்பியின் ஏஜென்சிக்குப் போனது. இந்த அறுபது வீதம் எனக்கு முன்பே தெரியும். தாளில் இருந்தது. நான் உமக்கு வாசித்துக் காட்டவில்லை.

என்னுடையதிலிருந்து ஒரு குரோனரும் எடுக்கவில்லை.

இரண்டாவது கேள்வி. இத்தனை ஆண்டுகளாக இதற்கு என்னிடம் ஒரு நல்ல விடை இருந்தது. என் கணக்கில் தொகை கூட, ஆகவே வரியால் வரும் நட்டமும் கூட, சிறியதை உடைப்பதே சிக்கனம் என்று. கணக்காகப் பார்த்தால் அது விடையே இல்லை. என்னுடையதில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று வங்கியில் கேட்கக்கூட நான் போகவில்லை. உண்மையான விடை இதுதான்: உமது கையொப்பம் கேட்டவுடன் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என்னுடையதை என்னிடமே கேட்க வேண்டியிருந்தது. என்னிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

நீர் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கடிதத்துக்குப் பொருளில்லை.

கணக்குக்காரர் இறந்தால் மிச்சம் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு பெயர் எழுதலாம். ஒன்றும் எழுதாவிட்டால் நெருங்கிய உறவுக்கு, அதாவது முதலில் மனைவிக்கு, தானாகவே போகும். 2001 கடைசியில் தம்பி இராசரத்தினம் எங்களோடு வந்து இருந்தபோது அம்மா தாம் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து தொலைபேசி எடுத்தார். "உனக்கு வேலையிருக்கு, வீடிருக்கு. உனக்கொண்டு நடந்தா தம்பிக்கு ஆர்? அவன்ரை பேரை எழுதிப்போட்டு எனக்கொரு கொப்பி அனுப்பு" என்றார். நான் ஓம் என்றேன். மறுநாள் வங்கியில் அவன் பெயரை எழுதினேன். ஒரே வீட்டில் இருப்பவர் என்பதால் ஏற்றுக்கொண்டார்கள்.

பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஓராண்டில் மாற்றுவோம் என்று நினைத்தேன். மாற்றுவதென்றால் அவனுடைய கையொப்பமும் வேண்டியிருக்கும் என்று எண்ணினேன். அவனிடம் போய்க் கேட்க வேண்டும். இப்படி இருபத்து நான்கு ஆண்டுகள் போய்விட்டன.

நான் கெட்டவனா என்று யோசித்துப் பார்த்தேன். கெட்டவனாக இருக்கவும் சிறிது துணிச்சல் வேண்டும். எனக்கு அதுவும் இருக்கவில்லை.

ஜெபரட்ணம்


ஹ்விடோவ்ரே,
27 ஏப்ரல் 2025

ஜெபரட்ணம் மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை ஈஸ்டர் முழுவதும் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். இல்லத்தில் நான் குளிப்பாட்டுகிற ஒரு மனிசிக்குத் தொண்ணூற்றொரு வயது. அவ என் முகத்தைப் பார்த்து, யார் செத்தது என்று கேட்டா. ஒருவரும் சாகவில்லை, செத்திருந்தால் காசு என் கொழுந்தனுக்குப் போயிருக்கும் என்றேன். சிரித்துச் சிரித்து அவவுக்கு இருமல் பிடித்துவிட்டது.

நீங்கள் செத்திருந்தால், மாஸ்டர், நான் கறுப்பு உடுத்திக்கொண்டு ஸ்கீவ வீட்டில் இருந்திருப்பேன். வங்கிக் கடிதம் சில்க்போர்க்கில் இருக்கிற உங்கள் தம்பிக்குப் போயிருக்கும். என்னுடைய காசில் வந்து இறங்கினவனுக்கு. அவனுக்கு இரண்டு ஆண்டுகள் மூன்று நேரமும் சமைத்துப் போட்டதும் நான்தான்.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பயம்தான். டெனிஷில் ஒரு வசனம் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத காலத்தில் முதியவர்களைப் பராமரிக்கத் தனியாக வீடு வீடாகச் சைக்கிளில் போனேன். பயந்துகொண்டே போனேன். பயம் ஒரு காரணம் இல்லை.

யாருடைய பெயரை எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு உங்களுடையது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்வதை இப்போதுதான் விளங்கிக்கொண்டேன். நல்ல சட்டம்.

எனக்கு வேண்டியது வேறு. என் 68,000 உடைக்கப்படாமல் இருந்திருந்தால் இன்று எவ்வளவாகியிருக்கும்? உங்கள் கணக்கு இந்த இருபத்து நான்கு ஆண்டும் எந்த வீதத்தில் வளர்ந்ததோ அதே வீதத்தில் கணக்கிடுங்கள். குறைந்த வீதம் போட்டால் நவோமி கண்டுபிடிப்பாள்.

அந்தத் தொகையை எனக்குத் தர வேண்டும். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். என்னுடையதைத் திருப்பித் தருவதாக எழுதுங்கள்.

கிருபாமலர்


ஸ்கீவ,
20 மே 2025

அன்புள்ள மலருக்கு,

மூன்று கிழமை தாமதம். மூன்று காரியம் செய்ய வேண்டியிருந்தது. நான் ஒரு காரியத்துக்கே மூன்று கிழமை எடுப்பவன் என்பது உமக்குத் தெரியும்.

முதலில் கணக்கு. பழைய ஆண்டறிக்கைகள் எல்லாம் கோப்பில் இருந்தன. வளர்ச்சி வரி போக, சராசரி ஆண்டுக்கு நான்கரை வீதம். சில ஆண்டுகள் மிக மோசம், 2008இல் பெருநட்டம். நல்ல ஆண்டுகள் ஒன்றிரண்டை விட்டுவிட்டு வீதத்தைக் குறைத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். 68,000 நான்கரை வீதத்தில் இருபத்து நான்கு ஆண்டு வளர்ந்தால் 195,569 குரோனர். இரண்டு முறை சரிபார்த்தேன்.

இது உம்முடையது. திருப்பித் தருகிறேன்.

நீர் உமது பெயரில் முதுமைச் சேமிப்பு ஒன்றைத் திறந்தால், 2025 முதல் 2028 வரை நான்கு ஆண்டுகளாகப் பிரித்து அதில் போடலாம். ஆண்டுக்கு 48,892. எல்லைக்குள் அடங்கும். இதற்காக என் தவணைக் கணக்கைத் திறந்து பத்தாண்டுகளுக்குப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டேன். ஜூன் முதல் மாதம் 7,166 வரும், வரி போகக் கிட்டத்தட்ட 4,500. ஆண்டுத் தொகையை என் கையிருப்பிலிருந்து முன்கூட்டியே உமக்கு அனுப்பிவிட்டு, மாதம் 4,074 வீதம் அதை நிரப்புவேன். மிச்சத்தில் நான் ஆடம்பரமாக வாழ்வேன். திறப்பது, திறக்காமல் விடுவது உமது விருப்பம்.

இரண்டாவது இராசரத்தினம்.

அவனுக்குப் பெயர்மாற்றப் படிவத்தை அனுப்பி, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும்படி ஒரு குறிப்பு வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் காரில் வந்து இறங்கினான். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"என்ன அண்ணை இது, கோட்டுக் கடிதம் மாதிரி? அண்ணி சொல்லித் தந்தவவோ?"

"இல்லை. அவ ஒண்டும் கேக்கேல்லை. நானாத்தான் அனுப்பினனான்."

"அம்மாவுக்குக் குடுத்த வாக்கெல்லே இது? அவ செத்துப் பதினொரு வருசம். செத்த மனிசிக்குக் குடுத்த வாக்கை மீறப் போறியளோ?"

"அம்மாவுக்குச் சொன்னனான் தம்பி. மலருக்குச் சொல்லேல்லை. அதுதான் பிழை."

"எனக்கு உங்கடை காசு தேவையில்லை அண்ணை. எனக்குக் கீழை பதினாறு பேர் கிளீனிங் செய்யினம். ஆனா மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"தேவையில்லை எண்டால் வையன்."

"வைக்க மாட்டன்."

"அப்ப வைக்காதை. நான் திங்கக்கிழமை பாங்குக்குப் போறன். வேறை வழி இருக்கோ எண்டு கேக்கிறன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை, பேசத் தெரியாத ஒரு தளபாடம் திடீரெனப் பேசினதுபோல இருந்தது. பிறகு சிரித்தான்.

"அறுபத்தெட்டு வயசில மனிசிக்குப் பயந்து நடுங்கிறியள்."

"எனக்கு எல்லாருக்கும் பயம்தான். இவ்வளவு நாளும் உனக்குக் கூடப் பயந்தனான். இனி அவவுக்குக் கூடப் பயப்பிடுவம் எண்டு நினைக்கிறன்."

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். நான் கதிரையில் இருந்துவிட்டேன். மலர், பசித்தது. நல்ல பசி. இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வங்கி. நேற்றுப் போனேன். தம்பி கையொப்பமிட மறுக்கிறான், என்ன செய்யலாம் என்று கேட்பதற்காக ஒரு தாளில் ஆறு வசனம் எழுதிக்கொண்டு போனேன். முதலாவது வசனத்திலேயே அந்தப் பெண் என்னை நிறுத்திவிட்டாள். அவனுடைய கையொப்பம் எதற்கு என்று கேட்டாள். மாற்றவே முடியாதபடி என்று அன்று நான் எழுதிக் கொடுக்கவில்லையாம். ஆகவே கணக்குக்காரன் நினைத்த நேரத்தில் மாற்றலாம். யாரையும் கேட்கத் தேவையில்லை, யாரிடமும் சொல்லவும் தேவையில்லை. 2001இலும் அப்படித்தான்.

ஒரு நிமிடமும் ஆகவில்லை. இப்போது உமது பெயர் இருக்கிறது. உறுதிப்படுத்தும் கடிதத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இதற்கு நீர் எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

வரும் வழியில் வெட்கமாக இருந்தது. இல்லாத ஒரு கையொப்பத்துக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் பயந்திருக்கிறேன்.

ஜெபரட்ணம்


ஹ்விடோவ்ரே,
22 ஜூன் 2025

அன்புள்ள நவோமியின் அப்பாவுக்கு,

இங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்று கேட்டுக் கேட்டு ஒரு கடையில் கொடுக்கிறேன். சேரப் பிந்தினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கணக்குத் திறந்துவிட்டேன். நவோமி கூட வாறன் என்றாள், வேண்டாம் என்றேன். நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போகவில்லை, எல்லாம் தலையில் இருந்தது. அந்த வங்கிப் பெடியன் முதலில் தவணைக் கணக்கைத்தான் எனக்குப் புகழ்ந்தான். "இப்போது வரி குறையும்" என்றான். பிறகு வரும்போது வரியும் வரும், அரசின் கொடுப்பனவும் குறையும், எனக்கோ ஓய்வுக்கு மூன்று ஆண்டுதான் இருக்கிறது, என்னைப் போல ஒருத்திக்கு அதில் என்ன இலாபம் என்று கேட்டேன். அவன் கதிரையை நேராக்கிக்கொண்டு, நீங்கள் முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டான். வயோதிபரைக் கழுவுகிறேன் என்றேன்.

48,892 வந்து சேர்ந்தது. குறிப்பில் "திருப்பிக் கொடுத்தது" என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். திருப்பி அனுப்பவில்லை.

இனி உங்கள் கணக்கில் ஒரு பிழை. பெருக்கலில் இல்லை, அதை நவோமி சரிபார்த்தாள். நீங்கள் 68,000ஐ மட்டும் வளர்த்திருக்கிறீர்கள். 2001க்குப் பிறகு என் மாத ஐந்நூறு குரோனர் எங்கே போனது? "உம்மடையில திரும்பத் தொடங்கினா வீண், எனக்குத்தான் வரிவிலக்குக் கூட, அந்தக் காசையும் சேர்த்து என்ரையில போடுவம்" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் ஓம் என்றேன். நானும் ஓம் சொல்லித்தான் கெட்டேன். இருபத்து நான்கு ஆண்டு, மாதம் ஐந்நூறு. 144,000. அது உங்கள் எட்டு இலட்சத்து அறுபதினாயிரத்துக்குள் உங்கள் பெயரில் இருக்கிறது.

அதன் வளர்ச்சியை நான் கேட்கவில்லை. போட்ட காசை மட்டும் கேட்கிறேன். அவசரமும் இல்லை. நீங்கள் பத்தாண்டுத் தவணை எடுத்திருக்கிறீர்கள், முதல் நான்கு ஆண்டு அந்த 195,569க்குப் போகட்டும். 2029 முதல் ஆறு ஆண்டு, மாதம் இரண்டாயிரம். சரியாக 144,000. நீங்களும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியோடு நீங்கள் கதைத்ததை நவோமிக்கு வாசித்துக் காட்டினேன். தமிழில் வாசித்தேன், முழுவதும் விளங்கியது அவளுக்கு. "அப்பாவா?" என்று தமிழிலேயே கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

யூலையில் எனக்கு மூன்று கிழமை விடுமுறை. ஒரு கிழமை ஸ்கீவவுக்கு வருவேன். இராசரத்தினம் வந்தால் கதவைத் திறப்பது நான். சப்பாத்தைக் கழற்றாமல் ஒரு அடி உள்ளே வைக்கட்டும் பார்ப்போம். அந்தக் கிழமை நான் சமைக்க மாட்டேன். முட்டை பொரிக்கத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு இங்கே திரும்பி வருவேன். 2028 ஓகஸ்ட் வரை வேலை செய்வேன். அதற்குப் பிறகு எங்கே இருப்பது என்பதை அப்போது நான் தீர்மானிப்பேன்.

கடைசியாக அந்தப் பெடியன், நான் இறந்தால் யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டான். நவோமியின் பெயரைச் சொன்னேன். கணவர் இல்லையா என்றான். இருக்கிறார், ஆனால் இப்போதைக்கு இல்லை என்றேன். உங்களுக்கு நோகும் என்று தெரியும். எழுதாமல் விட்டிருக்கலாம். மறைக்க எனக்கு விருப்பமில்லை.

எழுதினது எழுதினதுதான் என்று நினைக்க வேண்டாம். நினைத்த நேரத்தில் மாற்றலாம், யாருடைய கையொப்பமும் எனக்குத் தேவையில்லை.

மலர்